கொண்டச்சிக் கரையின் அறவீடுகள்: சலாபக் குத்தகை முதல் சபைக் கட்டணம் வரை

உள்ளூராட்சி மன்றமொன்று சந்தைக் கடைக்கு வாடகை விதிக்கும்போதும், வியாபாரத்துக்கு அனுமதிப்பத்திரம் வழங்கிப் பணம் பெறும்போதும் இரு வினாக்கள் எழுகின்றன. எவ்வளவு என்பது ஒன்று. எதன் பொருட்டு என்பது மற்றையது. முன்னைய வினாவுக்குக் கணக்குப் பதிவேடே விடை கூறிவிடும். பின்னையது அத்துணை எளிதன்று. வரி, ஆட்சியின் பொதுத் தேவைக்காகக் குடிகளிடமிருந்து பெறப்படுவது. கட்டணம், செய்த சேவைக்குரிய கைம்மாறு. குத்தகை, ஒரு வருவாயை அறவிடும் உரிமையைப் பிறனொருவனுக்கு விற்பது. நூலிற் பிரித்துரைக்க எளிதான இம்மூன்றும் வரலாற்றில் ஒன்றுடனொன்று பின்னிக் கிடந்தன. அப்பின்னலைக் காண்பதற்கு மன்னார்ப் பெருநிலப்பரப்பின் தென்கரையிலுள்ள கொண்டச்சியைப் போன்ற பொருத்தமான இடம் இலங்கையிற் சிலவே உள்ளன.

வடக்கே அருவியாறு கடலொடு கலக்கும் அரிப்பு, அதன் தெற்கே சிலாபத்துறை, அதற்கும் தெற்கே கொண்டச்சிக் குடா, அப்பால் மறிச்சுக்கட்டி. இன்று முசலிப் பிரதேசம் எனப்படும் இக்கரைக்கு எதிரே, கடலடியிற் பரந்து கிடப்பவை முத்துப்பார்கள். முத்துக்குளிப்பைத் தமிழர் சலாபம் என்றனர். சிலாபத்துறை என்னும் பெயரே அத்தொழிலின் சுவடு. சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டும், மாசி பங்குனியை ஒட்டிய சில வாரங்களுக்கு, வெறுமணலாய்க் கிடந்த கரையில் ஒரு நகரம் எழும். தூத்துக்குடி, கீழக்கரை, காயல்பட்டினம், யாழ்ப்பாணம் முதலாய இடங்களிலிருந்து குளிப்போரும் வணிகரும் வந்து குவிவர். பருவம் முடிந்ததும் ஓலைக் கொட்டில்கள் பிரிக்கப்படும், நகரம் மறையும். நிலையான குடிகளற்ற இந்நகரில் அறவீடு மாத்திரம் என்றும் நிலையாய் இருந்தது.

அவ்வறவீட்டின் பழைய கணக்கொன்றை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ தருகின்றார். இலங்கைக்கும் சோழமண்டலக் கரைக்கும் இடைப்பட்ட கடலில் நடைபெற்ற முத்துக்குளிப்பை விவரிக்குமிடத்து, எடுத்ததிற் பத்திலொரு பங்கு மன்னனுக்கும், இருபதிலொரு பங்கு சுறாமீன்களை மந்திரத்தாற் கட்டுவோருக்கும் சென்றன என்கிறார். இவ்விரு வீதங்களும் கவனிக்கற்பாலன. மன்னனது பங்கு வரி. மந்திரகாரனது பங்கு கட்டணம். நீரிற் குதிப்பவன் உயிருடன் மீள வேண்டும். அதற்குரிய காவலைத் தருபவன் எனத் தான் நம்பியவனுக்கே அவன் அப்பங்கை அளித்தான். மந்திரத்துக்குச் சுறா கட்டுண்டதா என்பது வேறு விடயம். கொடுத்தவனுக்கு எதன் பொருட்டுக் கொடுத்தோம் என்பது தெளிவாயிருந்தது என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

போர்த்துக்கேயர் காலத்தில் அத்தெளிவு மங்குகின்றது. எதிர்க்கரையான முத்துக்குளித்துறைப் பரதவரிடமிருந்து ஆண்டுதோறும் பெறப்பட்ட தொகையில் 4,000 பணம் போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தொகையை உபதேசியார்களின் சம்பளத்துக்கு விட்டுத்தருமாறு பிரான்சிஸ் சவேரியார் அரசிக்கு எழுதி வேண்டினார். கடலில் மூச்சடக்கிய பரதவனுக்கும் லிஸ்பன் அரண்மனையின் காலணிக்கும் யாது தொடர்பு என வினவுவோர்க்கு விடை இல்லை. செலவின் பெயரைச் சூட்டிக்கொண்டு வரும் அறவீடுகள் யாவும் அச்செலவைச் செலுத்துவோனுக்காகச் செய்வனவல்ல என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது.

1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் வணிகர். எனவே அளவையில் நுணுக்கம் காட்டினர். குளிப்பவன் கடலடிக்கு விரைந்து இறங்கும் பொருட்டுக் காலிற் கோத்துக்கொள்ளும் கல்லே அவர்களது வரியின் அலகாயிற்று. இத்தனை கல்லுக்கு இவ்வளவு என்பது முறை. வீதமோ எல்லோர்க்கும் ஒன்றன்று. கிறித்தவர் கல்லுக்குக் குறைவாகவும், முஸ்லிம்கள் கல்லுக்குக் கூடுதலாகவும் விதித்தனர். ஒரே கடல், ஒரே ஆழம், ஒரே கல். தொகை மட்டும் வழிபாட்டைப் பொறுத்து மாறியது. மறுபுறத்திற் சில கற்களுக்கு வரியே இல்லை. மதுரை நாயக்கருக்குத் தொண்ணூற்றாறரைக் கல்லும், சேதுபதிக்கு அறுபது கல்லும் வரியின்றி விடப்பட்டன. பரதவ சாதித் தலைவரான பட்டங்கட்டிமாருக்கும் இவ்வாறான கற்கள் உண்டு. அந்த அரைக்கல் எவ்வாறு குளித்ததோ! எனினும் அரைக்கல் வரை எண்ணப்பட்டிருத்தல், சலுகையும் கட்டணத்தைப் போலவே பேரம்பேசி முடிவாகிய ஒன்று என்பதைப் புலப்படுத்துகின்றது. தரைமேற் படைபலம் உடையவனுக்கு விலக்கு, இல்லாதவனுக்கு வீதம்.

1796இல் ஆங்கிலேயர் வந்தனர். கரையோர மாகாணங்கள் சென்னை நிர்வாகத்தின் கீழிருந்த அக்குறுகிய காலத்தில், தென்னைமர வரியும் சென்னையிலிருந்து வந்த அதிகாரிகளின் கெடுபிடியும் 1797இல் மக்களைக் கிளர்ச்சிக்குத் தள்ளின, வரி கைவிடப்பட்டது. நிலத்தில் இவ்வாறு கையைச் சுட்டுக்கொண்ட ஆட்சிக்குக் கடல் கைகொடுத்தது. பல்லாண்டுகள் குளிப்பின்றிக் கிடந்த பார்களிற் சிப்பி முதிர்ந்திருந்தது. 1797, 1798 ஆகிய இரு ஆண்டுகளிலும் சலாப வருவாய் ஆண்டுக்கு இலட்சம் பவுணைத் தாண்டிற்று. 1798இல் தேசாதிபதியாக வந்த பிரடெரிக் நோர்த் அரிப்பில் மாளிகையொன்று எழுப்பிச் சலாபத்தை நேரிற் கண்காணிக்க முற்பட்டமைக்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை. அல்லிராணி கோட்டை என மக்கள் வழங்கும் அக்கட்டடத்தின் இடிபாடுகளைக் கடல் அரித்துக்கொண்டிருக்கின்றது.

நோர்த்தின் காலத்துச் சலாபத்தை விரித்துரைத்தவர்களுள் ஒருவர் படையதிகாரியான பேர்சிவல். மற்றொருவர் பாதிரியாரான கோர்டினர். 1804ஆம் ஆண்டுக் கொண்டச்சிச் சலாபம் பற்றிக் கோர்டினர் தரும் கணக்கு நமது பொருளுக்கு உயிர்நாடி போன்றது. முப்பது நாள்களுக்கு 150 படகுகளைக் கொண்டு குளிக்கும் உரிமையை, சோழமண்டலக் கரையிற் சில ஆண்டுகள் வாழ்ந்த யாழ்ப்பாணத்தவர் ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். அவர் ஒப்புக்கொண்ட தொகை 3,00,000 பறங்கிப்பேட்டை வராகன். அதாவது 1,20,000 பவுண். சிறந்த படகுகள் சிலவற்றுக்குத் தலா 3,000 வராகனுக்கும், வேறு சிலவற்றுக்கு 2,500 வராகனுக்கும் அவர் உரிமையை மறுவிற்பனை செய்தார். பெரும்பகுதியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

இவ்வெண்களைச் சிறிது வகுத்துப் பார்த்தல் தகும். அரசுக்குச் செலுத்த வேண்டியது படகொன்றுக்கு 2,000 வராகன். அதே படகுரிமை கைமாறியபோது 2,500, 3,000. இடையிலுள்ள 500 அல்லது 1,000 வராகனுக்கு ஈடாகக் குத்தகைக்காரர் படகுக்காரருக்குச் செய்து கொடுத்தது யாது? நட்ட ஆபத்தைத் தலையில் ஏற்றார் என்பது ஒரு விடை. அதிற் பொருள் இல்லாமலில்லை. பாரிற் சிப்பி இல்லையெனில் அழிந்துபோகக் கூடியவர் அவரே. ஆயினும் 2,000 என்ற எண்ணும் எங்கிருந்தோ வந்ததன்று. பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றிலுள்ள முத்தை மதிப்பிட்டு, ஏலத்தில் எவ்வளவு கிடைக்கும் எனக் கணித்தபின் வந்தது அது. கரையிற் காவல், நீதிமன்று, வைத்தியர் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு அக்கணிப்பில் ஓரிடத்திலும் தலைகாட்டவில்லை. கடல் எவ்வளவு தரும், வாங்குவோன் எவ்வளவு தாங்குவான் என்னும் இரண்டே அளவுகோல்கள். உள்ளூர்க் கட்டணங்களை இன்று ஆராய்வோர் செலவை மீட்கும் விலை என்றும், தாங்கும் அளவு பெறும் விலை என்றும் பிரித்துப் பேசுவர். கொண்டச்சியில் இருந்தது முழுக்க முழுக்கப் பின்னையதே.

அங்கு சேவை என்று கூறத்தக்கது எதுவுமே இல்லையா எனின், இருந்தது. இரவு வேட்டு முழங்கப் படகுகள் புறப்படும். நண்பகல் கடந்து மீளும். கண்காணிப்புப் படகு உடனிருக்கும். கரையிற் காவலர் நிற்பர். ஆனால் மனிதனுக்கு முதல் வேண்டிய குடிநீர்? கொண்டச்சி நீர் உவர்ப்பு. குடிக்கும் நீர் நான்கு மைல் தொலைவிலுள்ள அரிப்பிலிருந்து வரவேண்டியிருந்தது என்று பேர்சிவல் எழுதுகிறார். அழுகும் சிப்பியின் நாற்றமும், மணலைத் தோண்டி எடுத்த ஊற்றும், ஆயிரமாயிரம் மனிதரும் ஓரிடத்திற் கூடினால் வாந்திபேதி வரும்; வந்தது. இலட்சம் பவுண் வருவாய் தந்த கரை, தண்ணீரைத் தலைச்சுமையாகக் கொணர்ந்தது.

சேவைகளுள் மிகப் பழையதான சுறாக்கட்டு மட்டும் தொடர்ந்தது. கடல்கட்டி எனப்பட்டவனை ஆங்கில அரசு ஊதியம் கொடுத்தே வைத்திருந்தது. படகுகளிலிருந்தும் அவனுக்குச் சிப்பி சென்றது. குளிப்போர் அவனின்றி நீரில் இறங்கார் என்பதை அதிகாரிகள் அறிவர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சலாபத்தைப் பார்வையிட்ட எமர்சன் டெனன்ற் கூறும் செய்தி சுவையானது. அக்குடும்பத்தின் அப்போதைய தலைவர் கத்தோலிக்கர். நோயுற்றிருந்தமையால் தம் பிரதிநிதியொருவரை அனுப்பியிருந்தார். தனக்கு மந்திரம் தெரியாதாயினும், மேலதிகாரியின் பிரதிநிதியாகத் தான் வந்திருப்பதைச் சுறாக்கள் மதிக்கும் என்றாராம் அப்பிரதிநிதி. அலுவலக வாழ்க்கையை அறிந்தோர் இதனை மிகையெனக் கருதார்.

அரசு குத்தகைக்கு விடாது தானே நடத்திய சலாபங்களிற் பங்கீட்டு முறை கையாளப்பட்டது. குளிப்போர்க்கு முன்னர் நாலிலொன்று, பின்னர் மூன்றிலொன்று. கரைக்கு வந்த சிப்பியை வேலியடைத்த முற்றத்திற் குளிப்போரே மூன்று குவியலாக வகுப்பர். எக்குவியல் அவர்களுடையது என்பதை அரசு அலுவலர் வந்து சுட்டுவார். வகுப்பவனுக்குத் தெரிவில்லை; தெரிபவனுக்கு வகுக்கும் உரிமையில்லை. ஆகவே மூன்றும் சமமாய் அமைந்தன. வழுவற்ற பங்கீட்டுக்கு இதனினும் எளிய சூழ்ச்சி கூறல் அரிது. இருந்தும், குவியல்கள் சமமாய் இருந்தமை பற்றி எழுதிய ஆசிரியர்கள், மூன்றில் இரண்டு ஏன் ஒருவருக்குச் செல்ல வேண்டும் என்பதை வினவினாரல்லர். வீதம் மேலிருந்து வந்தது. நேர்மை அதனுள் மட்டுமே செயற்பட்டது. மார்க்கோ போலோவின் மன்னன் பத்திலொன்று பெற்றதையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்க்க.

சலாபத்தின் உச்சம் 1905. மறிச்சுக்கட்டியில் ஏறத்தாழ 40,000 பேர் கூடிய அவ்வாண்டில் அரசின் வருவாய் சுமார் 25 இலட்சம் ரூபா. இக்காலத்துப் பாசறையில் நேர்வீதிகள், மருத்துவமனை, நீதிமன்று, தந்தி நிலையம் ஆகியன இருந்தன. அவை நோர்த்தின் காலத்தினும் எவ்வளவோ மேம்பட்டவை என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அவை பருவத்துக்குரியவை. வருவாய் குடியேற்ற நாட்டின் பொதுத் திறைசேரிக்குச் சென்றது. முசலியின் கிணற்றுக்கோ பாதைக்கோ உரியதென ஒரு பங்கு அதில் ஒதுக்கப்படவில்லை. அடுத்த ஆண்டே அரசு பழைய குத்தகைக்குத் திரும்பிற்று. பார்கள் யாவும் ஆண்டுக்கு 3,10,000 ரூபாவுக்கு, இருபது ஆண்டுகளுக்கு, இலண்டனில் அமைந்த ஒரு கம்பனிக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி பொய்த்தது. 1912இல் கம்பனி கலைந்தது. 1804இல் யாழ்ப்பாணத்தவர் ஏற்ற ஆபத்தை நூறாண்டு கழித்துப் பங்குதாரர் ஏற்றனர். அரசு இரு முறையும் கரையில் நின்றது. 1925உடன் பெருஞ்சலாபங்களின் கதை முடிவுற்றது.

இவ்வளவு நீண்ட காலமும் அக்கரையின் குடிகளைக் கேட்டு ஒரு தொகை விதிக்கப்பட்டதில்லை. அவ்வாறு கேட்கும் ஏற்பாடு மெல்லமெல்ல, வேறொரு வழியாக வந்தது. 1848ஆம் ஆண்டுத் தெருச் சட்டம் வயதுவந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் பாதைவேலை செய்ய வேண்டும், அன்றேல் பணம் கட்ட வேண்டும் என்றது. பணமில்லாதவனுக்கு உடலே நாணயம். ஆயினும் எதன் பொருட்டு என்பது அதிற் கூறப்பட்டிருந்தது. 1871ஆம் ஆண்டுக் கிராமச் சங்கச் சட்டம் ஊரார் கூடிப் பாதை, கிணறு, கால்நடை, மீன்பிடி முதலியன பற்றி விதிகள் இயற்ற இடமளித்தது. தேசாதிபதியின் அங்கீகாரம் வேண்டியிருந்தது. கரைவலைக்கு ஊரார் விதி செய்யலாம், முத்துப்பாரோ முடிக்குரியது. 1938இன் திருத்தங்களுக்குப் பின் கிராமசபைகள் தேர்தல் வழி அமைந்து வளர்ந்தன. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது கிராமசபைகள் இல்லாதொழிந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அவ்வெற்றிடத்தை நிரப்ப வந்தது.

இச்சட்டத்தின்கீழ் ஒரு சபை பணம் பெறும் முறை நோர்த்துக்கு விந்தையாகத் தோன்றியிருக்கும். ஆதன வரி, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், சேவைக் கட்டணம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் சபையில் தீர்மானம் வேண்டும். தேவையான இடத்து உபவிதி வேண்டும். வர்த்தமானியில் அறிவித்தல் வேண்டும். 1802இல் தொடங்கிய அதே வர்த்தமானிதான் அன்று சலாபம் நடைபெறும் நாளைக் குத்தகைக்காரருக்கு அறிவித்தது. அன்று அது வாங்குவோருக்குப் பேசிற்று. இன்று, கோட்பாட்டளவிலேனும், கொடுப்போருக்குப் பேசுகின்றது. வீதத்தைச் சவாலுக்குட்படுத்த விரும்பும் குடிமகன் காட்டத்தக்க எழுத்து ஒன்று உண்டு என்பது சிறிய விடயமன்று.

ஆயினும் பழையது முற்றாக மறைந்துவிடவில்லை. சந்தைகளை ஆண்டுதோறும் கேள்வி கோரிக் குத்தகைக்கு விடும் வழக்கம் வடபகுதிச் சபைகளில் இன்றும் உண்டு. வேறுபாடு ஒன்றே: கூடைக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்பதைச் சபை முன்னரே நிர்ணயிக்கின்றது, குத்தகைக்காரர் பெறுவது அறவிடும் உரிமை மாத்திரமே. பட்டியல் சந்தை வாயிலிற் பார்வைக்கு இருந்து, அதன்படி அறவிடப்படுமாயின், 2,000 வராகன் 3,000 ஆகும் கதை நிகழாது. பட்டியல் கிழிந்துபோன சந்தையிற் கொண்டச்சி மீண்டும் உயிர்பெறும்.

எதிர்த்திசையிலும் ஒரு குறை நேர்ந்தது. அதனைக் கூறாது விடுதல் நடுவுநிலையாகாது. அனுமதிப்பத்திரக் கட்டணத்துக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பு விதித்தது. இடத்தின் ஆண்டுப் பெறுமதி 750 ரூபாவுக்கு மேற்படாதாயின் 500 ரூபா. 1,500 ரூபா வரை 750 ரூபா. அதற்கு மேற்படின் 1,000 ரூபா. முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் சபைகளின் வர்த்தமானி அறிவித்தல்களில் அவ்வெண்களே அச்சேறின. இதற்கிடையில் ரூபாவின் பெறுமதி எங்குச் சென்றது என்பதை விளக்க வேண்டியதில்லை. கடைச் சுகாதாரத்தைப் பரிசோதிக்கச் செல்லும் அலுவலரின் பயணச் செலவை அத்தொகை ஈடுசெய்யாது. சலாபக் குத்தகை செலவுக்குத் தொடர்பின்றி உயர்ந்திருந்தது. இவ்வரம்பு செலவுக்குத் தொடர்பின்றித் தாழ்ந்து கிடந்தது. ஒன்று ஊரைக் கறந்தது. மற்றது சபையை மத்திய அரசின் கையை எதிர்பார்க்க வைத்தது. இரண்டிலும் தொகையை நிர்ணயித்தவர் அக்கரையில் வாழ்பவரல்லர்.

கொண்டச்சியைப் பொறுத்தவரை இச்சட்டமும் நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முசலியின் ஊர்கள் வெறுமையாயின. கட்டணம் விதிக்கவும் செலுத்தவும் மக்களில்லாத நிலம் அது. 2009இற் போர் முடிந்தபின் மக்கள் படிப்படியாக மீண்டனர். 2011இல் நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலில் முசலிப் பிரதேச சபைக்கு உறுப்பினர் தெரிவாயினர். காடுபற்றிய காணி, தூர்ந்த கிணறு, எல்லை மறைந்த தெரு ஆகியவற்றோடு திரும்பியவர்களிடம் ஆதன வரி கேட்பது எவ்வாறு? கேளாதிருப்பின் தெருவைத் திருத்துவது எவ்வாறு? செலவை மீட்கும் விலை என்னும் நூற்கொள்கை இத்தகைய இடத்திலேயே இடறுகின்றது. வீட்டின் பெறுமதியை மதிப்பிட முதலில் வீடு வேண்டும்.

ஆகவே வறண்ட பிரதேசச் சபையொன்றின் வரவுசெலவுத் திட்டத்தில் ஆதன வரியைக் காட்டிலும் சிறு சேவைக் கட்டணங்களே மக்களின் வாழ்வை நேரிற் தொடுவன. அவற்றுள் ஒன்று தண்ணீர் பவுசர் வாடகை. அதனைக் கணிக்கும் முறை யாவருக்கும் விளங்கக் கூடியது: செல்லும் தூரம், டீசல், சாரதியின் கூலி, வாகனத் தேய்மானம், நிரப்பும் இடத்து நீரின் விலை. இவற்றைக் கூட்டி, சபை ஒரு பகுதியைத் தாங்குவதாயின் அதனைக் கழித்து, எஞ்சியதைத் தீர்மானமாக நிறைவேற்றுவர். அரிப்பிலிருந்து கொண்டச்சிக்கு வந்த நீருக்கு ஒருகாலத்தில் எவரும் இவ்வாறு கணக்குப் பார்த்ததில்லை. தூரம் அதே நான்கு மைல்தான்.